ஸ்ரீராம்புரத்துக் கல்லில் இரண்டு லை

எந்தக் கல்லைப் பற்றி எழுதினாலும் முதல் வரியிலேயே அதன் ஆண்டைச் சொல்லிவிடுவது என் வழக்கம். இந்த முறை சொல்லப் போவதில்லை. தெரியாமல் அல்ல. தெரிந்திருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து நான் பெங்களூர் போனது ஒரு கல்வேலையாக. ஸ்ரீராம்புரத்தின் ஒரு சந்தில், கூலி வேலை செய்தவர்கள் தாங்களே மண் சுமந்து கட்டிய சிறிய வாசகசாலை ஒன்று இருக்கிறது. ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போட்டபோது, வாசல் சுவரில் பதித்திருந்த கல் கீழே விழுந்து உடைந்துவிட்டது. புதிதாக ஒரு கல் வெட்ட வேண்டும், ஆனால் பழையது மாதிரியே இருக்க வேண்டும் என்று அதன் செயலாளர் யசோதா எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். பழைய கல்வெட்டுகளில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் கைப்பேசிக் குழு ஒன்றில் நான் எழுதிவரும் குறிப்புகளை அவர் படிப்பவராம். கல்லில் இருந்த வாசகத்தையும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்.

மேலே பெரிய எழுத்தில் ‘வாசகசாலை’. அதன் கீழே, ‘இந்த வாசகசாலையை இத்தெருத் தொழிலாளர்கள் தங்கள் கையால் கட்டினார்கள். காலை மாலை திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.’ கடைசியில் ஆண்டு.

கல்லைப் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டார். “வேண்டாம் அம்மா, ஆண்டு போதும். அந்தக் காலத்து எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்” என்று பதில் எழுதினேன். அந்தப் பதில் இப்போதும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்கத் தோன்றியது, அழிக்கவில்லை.

மூத்த வாசகர்கள் அறிந்ததுதான், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1978-இல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை, ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் பாடப் புத்தகங்களில் இன்று இருப்பதுபோல் இருக்கவில்லை. கை, தை, மை போன்றவற்றுக்கு முன்னால் வரும் இரட்டைச் சுழி இவற்றுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக எழுத்தோடு ஒட்டி, யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல ஒரு வளைவு இருக்கும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழித்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்ரீராம்புரத்துக் கல் அந்த ஆணைக்கு ஒரு தலைமுறையாவது முந்தையது. ஆகவே தும்பிக்கைதான். என் கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

வியாழக்கிழமை பெங்களூரில் இறங்கினேன். ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றுகொண்டு சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் இட்லி கேட்டேன். “டிப்பா, செபரேட்டா?” என்றார் பரிமாறுபவர். சாம்பாரில் முக்கித் தரவா, தனியாகத் தரவா என்பதை அந்த ஊர் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. தனியாக என்றேன். “தமிழ்நாடு” என்று கன்னடத்தில் பக்கத்தில் நின்றவரிடம் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட எங்கள் ஊர் இட்லிக்கு இது தம்பியா, மாமனா என்று யோசித்துக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கினேன். அன்று நல்ல பசி. மனதில் ஒரு குறையும் இல்லை.

கல் வெட்டும் பட்டறை ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரர் பாலத்துக்கு அந்தப் பக்கம் என்னை இறக்கிவிட்டு, “இதான் சார் ஒக்கலிபுரம்” என்று கிளம்பிவிட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வர நல்ல வெயிலில் ஒரு பெரிய சுற்று சுற்றினேன். பட்டறையை நடத்தும் மஞ்சுநாத், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி படிந்து நின்றார். வீட்டில் பேசுவது கன்னடம், தெருவில் பழகியது தமிழ். “வாங்க சார், குந்துங்க. மொதல்ல நீர் குடிங்க” என்று இரண்டையும் கலந்து வரவேற்றார்.

என் கோப்பை அவருடைய கணினியில் திறந்தார். ஒரு தும்பிக்கையும் இல்லை. எல்லா லையும் இன்றைய லையாக நின்றன. நான் எதிர்பார்த்ததுதான். பையிலிருந்து என் எழுத்துரு இருந்த பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிட்டு, கேட்காமலே பாடம் நடத்தினேன்.

“கணினிக்கு எழுத்தின் உருவம் தெரியாது. ல-வுக்கு ஒரு எண், ஐகாரக் குறிக்கு ஒரு எண். உலகம் முழுக்க அதே எண்கள்தான். ரெண்டும் சேர்ந்து வந்தால் எப்படி வரையணும்னு ஃபாண்ட்தான் முடிவு பண்ணும். பழைய லைக்குன்னு தனி எண் கிடையாது. உங்க ஃபாண்ட் சுழி போடும், என் ஃபாண்ட் தும்பிக்கை போடும். உள்ளே இருக்கிற எண் மாறாது.”

“ஓ, சட்டை மாத்துற மாதிரி. ஆளு ஒருத்தன்தான்” என்றார் மஞ்சுநாத்.

அந்த உவமை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எழுத்துருவை மாற்றியதும், சொன்னபடி கேட்கும் படை போல எல்லா லையும் ஒரே நேரத்தில் தும்பிக்கையைத் தூக்கின. கட்டினார்களின் னா சுருண்டது, வேண்டுமானாலும் என்பதன் னாவும் சுருண்டது. மாலைக்குள் இயந்திரம் கறுப்புக் கருங்கல்லில் வெட்டி முடித்தது. கண்ணாடி போல மெருகேற்றிய கல். துடைத்துவிட்டுக் குனிந்தபோது எழுத்துகளுக்கு நடுவே என் முகம் தெரிந்தது. திருப்தியான முகம்.

வெள்ளிக்கிழமை காலை கல் தனியாகச் சரக்கு ஆட்டோவில் புறப்பட்டது, நான் மெட்ரோவில். மெஜஸ்டிக்கில் பெயர்ப் பலகையின் கன்னட எழுத்து வளைவுகளைப் பார்த்துக்கொண்டே எதிர்த்திசை வண்டியில் ஏறி, சிக்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது கல் இன்னும் வரவில்லை. சந்தின் முனையில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் சரக்கு ஆட்டோ. அதன் பின்னால் பூக்காரரின் தள்ளுவண்டி. மூவரும் மூன்று மொழிகளில் ஒருவரையொருவர் பின்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சார், ஸ்டேஷன் இதோ கீது, இவ்ளோ நேரமா?” என்று எதிரே வந்தவர்தான் யசோதா. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். சிக்பேட்டை போய் வந்ததைச் சொன்னேன். “பர்வால்ல, பொடவை எதுனா எடுத்தீங்களா?” என்றார்.

தண்ணீர் லாரி நகர்ந்து, கல் இறங்கியது. சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தவர் தங்கராஜ். பெயின்டர்; பக்கத்து வீட்டுக்காரர்; யசோதாவோடு சேர்ந்து வளர்ந்தவர். கல்லைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, கல்லில் முகம் பார்த்துத் தலை சீவினார்.

“யசோ, சக்கத்தா கீது! இனிமே எங்கூட்டுல கண்ணாடியே வேணாம்.”

யசோதா சிரித்துக்கொண்டே குனிந்தார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். தலைப்பில் விரல் தடையில்லாமல் போயிற்று. இரண்டாம் வரியில் நின்றது. பிறகு மூன்றாம் வரி. சிரிப்பு போய்விட்டது.

“சார், எல்லாமே யானையா கீதே.”

“ஆமாம் அம்மா. அந்தக் காலத்து எழுத்து. ஒன்றுகூட விடவில்லை” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் உள்ளே போய், கோணியில் கட்டி வைத்திருந்த பழைய கல்லின் துண்டுகளைக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் சேர்த்து வைத்தார். விரிசல் நடுவே ஓடினாலும் எழுத்துகள் தெளிவாக இருந்தன. தலைப்பு ‘வாசகசாலை’யில் தும்பிக்கை லை. அதற்குக் கீழே ஒரு தும்பிக்கைகூட இல்லை. வாசகசாலையை, காலை, மாலை எல்லாவற்றுக்கும் முன்னால் இரட்டைச் சுழி. கட்டினார்களில் கால் தனியாக, நேராக நின்றது. ஆணை வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, உளி பிடித்த ஒருவர் இன்றைய எழுத்தை அந்தக் கல்லில் வெட்டியிருந்தார்.

“யானை வாசல்ல நிக்குது, உள்ள வர்ல” என்றார் தங்கராஜ். “நாங்கல்லாம் லை எழுத கத்துக்கினதே இத சொல்லித்தான்.”

கதையை யசோதா சொன்னார். அவருடைய அப்பா பகலில் மூட்டை தூக்கியவர். இரவில் இந்த இடத்தில் அரிக்கேன் விளக்கு வைத்து, தன்னைப் போன்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். சீர்திருத்தக்காரர்களின் வார இதழ் ஒன்று இந்தச் சந்துக்கு வரும். அதில் புது எழுத்துதான். அதை வைத்துத்தான் பாடம்.

“கை கத்துக்கினா லையும் வந்துடணும், அதுக்குன்னு தனியா ஒரு யானைய எதுக்கு கத்துக்கணும்னு கேப்பாராம் எங்கப்பா. வயசானவங்க வேலை முடிச்சுட்டு வந்து தூங்கி வழிஞ்சுனு படிப்பாங்க சார். அவங்களுக்கு ஒரு எழுத்து கம்மியானா கூட லாபந்தான? கல்லு வெட்ட வந்த ஆளு வெளியூரு. தலைப்ப அவருக்குத் தெரிஞ்ச மாதிரி வெட்டிட்டாரு. வேலைக்குப் போய்ட்டு வந்து பாத்த எங்கப்பா, உளிய கைல இருந்து புடுங்கிட்டாராம். ஒரே சண்ட. வெட்டுனத அழிக்க முடியாதே. சரி, யானை வாசல்ல நிக்கட்டும், உள்ள மட்டும் வுடாதன்னு சொல்லிட்டாரு.”

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. “எங்கப்பா வாசல்லயே நிறுத்துன யானைய நீங்க உள்ள இட்டுனு வந்துட்டீங்களே சார்.”

எனக்குத் தெரியாதது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அரசாணைக்குப் பல பத்தாண்டுகள் முன்பே சில இதழ்கள் புது எழுத்தில் வந்தன என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அந்தக் குழுவிலேயே நீளமாக எழுதியிருக்கிறேன். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? யோசித்தபோது காது சூடானது. அந்த இதழ்கள் இந்தச் சந்துவரை வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவர்கள் முடிவெடுத்து, அது ஆணையாகி, பிறகுதான் மூட்டை தூக்குபவரிடம் எழுத்து வந்து சேரும் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தேன் என்பதும் அந்தப் பெஞ்சின் முன் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. எழுத்துருவின் மேல் பழிபோட இடமில்லை. அது சொன்னதைச் செய்தது. யாரையும் கேட்காமல் சொன்னவன் நான்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

“மொதல்ல சோறு துண்ணுங்க சார். கல்லு எங்கியும் ஓடாது.”

அவர் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் வீட்டுக் களியைவிட இறுக்கமாக, பந்து போல உருட்டியிருந்தார்கள். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று தங்கராஜ் காட்டினார். அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு தலை குனிந்து நான் சாப்பிட்டதில்லை. தட்டில் களி குறையக் குறைய யசோதா வைத்துக்கொண்டே இருந்தார்.

திறப்பு ஞாயிற்றுக்கிழமை. தள்ளிப் போட முடியாது. கட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கவயலிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாரத்தில் அவர்களுக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமை காலை கல்லை மறுபடி ஒக்கலிபுரத்துக்குக் கொண்டுபோனோம். அந்த அளவில் இன்னொரு கல் கைவசம் இல்லை என்று மஞ்சுநாத் கை விரித்தார். “பின்பக்கம் கீது. ஆனா பாலீஷ் கிடையாது. மெருகு போட நாளைக்குள்ள ஆகாது.”

நான் யசோதாவைப் பார்த்தேன். அவர் கல்லைப் புரட்டச் சொன்னார். அறுத்தபடியே விட்ட பின்பக்கம். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. அதன் மேல் கையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இதுலயே போடுங்க” என்றார்.

இந்த முறை பழைய கல்லின் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பில் ஒரே ஓர் எழுத்துக்கு என் எழுத்துரு. மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைய எழுத்துரு. இரண்டின் கோட்டுத் தடிமனும் பொருந்தவில்லை. அந்த ஒரு லை மட்டும் மெலிந்து தெரிந்தது. அதைத் தடிப்பாக்கவே மதியமாகிவிட்டது.

“முந்தாநேத்து எல்லாருக்கும் ஒரே சட்டை, இன்னிக்கி ஒருத்தனுக்கு மட்டும் வேறயா?” என்றார் மஞ்சுநாத்.

“இது அவங்களே போட்டுக்கிட்ட சட்டை” என்றேன். வியாழக்கிழமை அவர் உவமையை ரசித்த நான், சட்டையை யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

வெட்டக் கொடுப்பதற்கு முன் ஒரு சந்தேகத்தில், வாசகத்தை வெறும் எண்களாகப் பிரித்துக் காட்டும் நிரலில் போட்டுப் பார்த்தேன். தலைப்பின் லைக்கும் இரண்டாம் வரியின் லைக்கும் அதே இரண்டு எண்கள். வேறுபாடு ஒன்றுமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் குறை காண எனக்கு உரிமையில்லை. எந்தச் சட்டை போட்டாலும் சொல்லைத் தேடினால் கிடைக்க வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. ஆனால் உளியைப் பிடுங்கிய அந்த மாலைக்கு அங்கே எண் இல்லை. யசோதா எனக்குத் தட்டச்சு செய்து அனுப்பியபோதே அவருடைய அப்பாவின் சண்டை அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. படம் வேண்டுமா என்று அவர் கேட்டது அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் சுவரில் சிமென்டை அப்பினார். கல்லைத் தூக்கி வைக்கும் முன் அதன் மெருகேறிய பக்கத்திலும் கரண்டியால் இழுத்துப் பூசினார். ஒவ்வொரு தும்பிக்கையாகச் சிமென்ட் நிரம்பியது. இனி அது சுவரோடு சுவர். வெளியே சாம்பல் நிறக் கல் நின்றது.

தங்கராஜ் புதுச் சட்டையில் வந்தார். கல்லைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. “இன்னா யசோ, அம்மிக்கல்லு மாதிரி கீது? அவனவன் வூட்டு வாசல்லயே பளபளன்னு கல்லு போடுறான். நமக்கு மட்டும் சொரசொரன்னா?” பிறகு என் பக்கம் திரும்பி, “சீப்பு வேற எடுத்துனு வந்தேன் சார்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குக் கிடைக்கவிருந்த பளபளப்பு, என்னால் சுவருக்குள் போய்விட்டது.

யசோதாவைத் தனியாக அழைத்து, கூட்டத்தில் என் தவற்றை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் சார்” என்றார் உடனே. “நீங்க அத சொன்னா, இன்னிக்கி பூரா உங்கள பத்தியே பேசுவாங்க. நீங்க எவ்ளோ நல்லவருன்னு பேசுவாங்க. எங்கப்பாவ யாரும் பேச மாட்டாங்க. சொவுத்துக்குத் தெரிஞ்சா போதும், வுடுங்க.”

நான் கூச வேண்டிய இடம் இன்னும் மிச்சம் இருந்தது என்று அப்போது தெரிந்தது.

கல்லை மூடியிருந்த துணியை விலக்கச் சொன்னது என்னைத்தான். தோளில் ஒரு சால்வையும் போட்டார்கள். வெயிலில் அது சுட்டது. மறுக்கும் துணிவும் இல்லை, கழற்றும் துணிவும் இல்லை. யசோதா அப்பாவின் கதையைச் சொன்னார். உளியைப் பிடுங்கிய இடம் வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். பலர் வீட்டிலும் ஏற்கெனவே தெரிந்த கதை அது. பிறகு கூட்டம் சேர்ந்து கல்லைச் சத்தமாகப் படித்தது. வாசகசாலை. இந்த வாசகசாலையை. வாயில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். நான் முதலில் வெட்டவைத்த பக்கம் சுவருக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் அந்த ஒலி மாறியிருக்காது.

படித்து முடித்து எல்லாரும் உள்ளே போனார்கள். தங்கவயலிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா மட்டும் தலைப்பின் முன் நின்றார். “தோ நிக்குது பாரு” என்று அந்த லையைத் தொட்டுச் சிரித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு உள்ளே போகத் தயக்கமாக இருந்தது. சுவரோரம் நின்றேன். வாசலிலிருந்து யசோதாவின் குரல் வந்தது. “சார், இன்னும் கல்ல பட்ச்சுனே இருக்கீங்களா? அதுல இன்னா எழுதிக்கீது, உள்ள வாங்கன்னுதான?”

இதை எழுதும் என் திரையில் எல்லா லையும் ஒரே மாதிரி நிற்கின்றன. நீங்கள் படிக்கும் தாளிலும் அப்படியே இருக்கும். எது வாசலில் நின்றது, எவை உள்ளே இருந்தன என்பதை இந்தக் கட்டுரை உங்களுக்குக் காட்டாது. ஆண்டையும் நான் சொல்லவில்லை. இரண்டும் கல்லில் இருக்கின்றன. ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். காலை மாலை திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.